சிட்டி ஸ்டேடியத்துக்கு ரசிகர்களை எப்படி வரவழைப்பது?

விளையாட்டுக்குக் குறைந்துபோன ரசிகர் கூட்டத்தை மீட்பது எப்படி என்று தேர்வில் கேட்டால், "நல்ல விளம்பரமும் புதுச் சின்னமும் போதும்" என்று எழுதிவிட்டு வந்துடாதீங்க. முதலில் நம்ம பினாங்குக் காற்பந்தைப் பாருங்க.

1953, 1954, 1958இல் மலாயாக் கிண்ணம், 1974இல் மலேசியக் கிண்ணம். ஜோர்ஜ்டவுன் தாத்தாமார்களிடம் கேட்டால் ஈசா பக்கார், சுக்கோர் சாலே என்று பெயர்கள் வரிசையாக வரும். அந்தக் காலத்தில் யாரும் ரசிகர்களை வலைவீசித் தேடவில்லை. பிறகு 1994-95இல் 'கெலோங்' ஊழல் வெடித்தது. நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பார்க்கிற ஆட்டம் நிஜமா என்றே சந்தேகம் வந்தபின் யார் டிக்கெட் வாங்குவாங்க? இது விளம்பரக் குறை இல்லை, நம்பிக்கைக் குறை.

அமெரிக்கப் பேஸ்பாலில் இதற்கு ஒரு நல்ல ஒப்பீடு இருக்கிறது. பில் வீக் என்பவர் 1946இல் கிளீவ்லேண்ட் அணியை வாங்கினார். வாணவேடிக்கை, இலவசப் பரிசு என்று அவர் செய்யாத வேடிக்கை இல்லை. 1948இல் 26 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அரங்குக்கு வந்தார்கள். ஆனால் வேடிக்கையோடு நிற்காமல், லேரி டோபி, சாட்சல் பேஜ் என்ற கறுப்பின வீரர்களையும் அவர் சேர்த்தார். அந்த ஆண்டு அணி உலகத் தொடரையே வென்றது. 1979இல் சிகாகோவில் அவருடைய அணி டிஸ்கோ இசைத்தட்டுகளைத் திடலில் வெடிவைத்து உடைத்தபோது, கூட்டம் திடலுக்குள் புகுந்து, அடுத்த ஆட்டமே கைவிடப்பட்டது. வேடிக்கை மட்டும் மிஞ்சினால் இப்படித்தான்.

நமக்கும் ஒரு விளம்பரம் காசில்லாமல் வந்தது. 2016 பிப்ரவரியில், சிட்டி ஸ்டேடியத்தில் பகாங்குக்கு எதிராக ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக் காற்றிலேயே திசை மாறி வலைக்குள் போனது. அந்தக் காணொளி உலகம் சுற்றியது. 2017 ஜனவரியில், 59 விழுக்காட்டு வாக்குகளோடு, ஃபிஃபாவின் புஷ்காஸ் விருது அவருக்குக் கிடைத்தது. மேடையில் தன் உரையைக் கைப்பேசியில் தேடித் தவித்தாரே, ஞாபகம் இருக்கா? அதே 2017இல் பினாங்கு சூப்பர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. உலகமே பார்த்த கோல் ஒன்று, அதைத் தொடர்ந்து தோல்விகள்.

ஜோகூரோ 2013இல் பெயர், சின்னம், நிறம் எல்லாவற்றையும் மாற்றியது. 2014 முதல் லீக் வெற்றிகளும் தொடர்ந்தன. 'சின்னம் மாறியதால் கூட்டம் வந்தது' என்று மாணவர்கள் எழுதும் இடம் இதுதான். வெற்றியை விட்டுவிட்டு அந்த வாக்கியத்தை எழுத முடியுமா?

பினாங்கு 2020இல் பிரிமியர் லீக்கை வென்று, 2021இல் சூப்பர் லீக்கில் மூன்றாவதாக வந்தது. கோவிட் காரணமாக 2020இல் இருக்கைகள் காலி. அணி எழுந்து நின்றபோது பார்க்க ரசிகர்கள் இல்லை.

வகுப்புக்கு ஒரு வேலை: வீட்டில் மூத்தவர் யாராவது எந்த ஆண்டில் ஸ்டேடியத்துக்குப் போவதை நிறுத்தினார், ஏன் என்று கேட்டு எழுதிட்டு வாங்க.