முப்பத்திரண்டு வருஷம் காத்திருந்த கூட்டம்: 'ஃபவுண்டேஷன்' நாலாவது புத்தகம் வந்த கதை

இன்னைக்கு எபிசோட், ஒரு எழுத்தாளர் தன்னோட சொந்தப் புத்தகத்தை எடுத்துப் படிச்சுப் பயந்துபோன கதை.

1981 ஜூன், நியூயார்க். ஐசக் அசிமோவுக்கு வயசு 61. அதுக்குள்ள இருநூறு புத்தகத்துக்கு மேல வெளியிட்டாச்சு. அவர் கையில இருக்கறது அவரே இளைஞரா இருந்தப்போ எழுதின மூணு புத்தகம்: 'ஃபவுண்டேஷன்', 'ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயர்', 'செகண்ட் ஃபவுண்டேஷன்'. நாலாவது பாகம் எழுதறதா பதிப்பகத்துக்கு ஒத்துக்கிட்டார், முன்பணமும் வாங்கியாச்சு. எழுத உட்கார்றதுக்கு முன்னாடி பழசை ஒரு தடவை படிச்சிடலாம்னு எடுத்தார்.

படிக்கப் படிக்க வயித்தைக் கலக்குது. அடுத்த பக்கத்துல ஏதாவது நடக்கும்னு புரட்டறார், ஒண்ணும் நடக்கல. சண்டை இல்ல, துரத்தல் இல்ல. கிட்டத்தட்ட 2,50,000 வார்த்தை, முழுக்க ஆளுங்க பேசறாங்க, இல்லன்னா யோசிக்கறாங்க. இதுக்காகவா ஜனங்க இத்தனை வருஷமா அடுத்தது எங்கே, அடுத்தது எங்கேன்னு கேட்டாங்க? வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுத்துடலாமான்னு யோசிக்கற அளவுக்குப் போயிட்டார். நான் கதை கட்டல, அவரே பின்னாடி எழுதி வெச்ச விஷயம் இது.

நமக்குப் பிடிச்ச எந்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் முத்தொகுதிக்கும் புதுசா ஒரு பாகம் அறிவிச்சா, அன்னைக்கே நம்ம மனசுல அந்தப் படமோ புத்தகமோ ஓட ஆரம்பிச்சிடுது. அது வெளிய வந்ததும், "இது நான் நினைச்ச மாதிரி இல்லையே"ன்னு சண்டை. இந்தச் சண்டையோட பழைய வடிவத்தைப் பார்க்கணும்னா 'ஃபவுண்டேஷன்' மாதிரி நல்ல உதாரணம் கிடைக்காது. ஏன்னா அந்தக் கதையே கூட்டம் எப்படி நடந்துக்கும்னு கணிக்கறதைப் பத்தினது.

இனிமே கதையோட முக்கியத் திருப்பங்களைச் சொல்லப் போறேன். படிக்காதவங்க முதல்ல படிச்சிட்டு வந்தாலும் சரி.

ஆரம்பத்துக்குப் போவோம். 1941 ஆகஸ்ட் 1. அசிமோவுக்கு 21 வயசு, கொலம்பியா பல்கலைக்கழகத்துல வேதியியல் மாணவர். 'அஸ்டவுண்டிங் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' இதழோட ஆசிரியர் ஜான் கேம்ப்பெல்லைப் பார்க்க சப்வே ரயில்ல போயிட்டிருக்கார். கையில கதை எதுவும் இல்ல. வெச்சிருந்த ஒரு நாடகப் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கிட்டுத் திறந்தார். ஒரு தேவதை ராணி ஒரு சிப்பாய் முன்னாடி மண்டியிடற படம் வந்துச்சு. சிப்பாய், படை, பேரரசு, ரோமாபுரி, அதோட வீழ்ச்சின்னு மனசு ஓடிச்சு. ரோமப் பேரரசின் வீழ்ச்சி பத்தி கிப்பன் எழுதின பெரிய வரலாற்றை அவர் ஏற்கெனவே ரெண்டு தடவை படிச்சவர். அதையே நட்சத்திர மண்டலம் முழுக்கப் பரவின ஒரு பேரரசுக்கு நடக்கற மாதிரி எழுதினா? கேம்ப்பெல்லுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஒரு கதையா வேண்டாம், தொடரா எழுதுன்னு சொல்லிட்டார். முதல் கதை 1942 மே இதழ்ல வந்தது.

கதையின் அடிப்படை இது. ஹாரி செல்டன் ஒரு கணிதமேதை. 'சைக்கோஹிஸ்டரி' என்ற துறையை உருவாக்குகிறார். தனி மனிதன் என்ன செய்வான் என்று அது சொல்லாது; கோடானுகோடி பேர் சேர்ந்த கூட்டம் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். வாயுவில் ஒரே ஒரு மூலக்கூறு எங்கே போகும் என்று சொல்ல முடியாது, ஆனால் மொத்த வாயுவின் அழுத்தத்தைச் சொல்லிவிடலாம் இல்லையா, அதே தர்க்கம். எழுதியவர் வேதியியல் மாணவர் என்பது இங்கேதான் தெரிகிறது. பேரரசு விழப்போகிறது, அதன் பிறகு 30,000 வருடம் இருண்ட காலம் என்று செல்டனின் கணக்கு சொல்கிறது. அதை 1,000 வருடமாகக் குறைக்க அவர் போடுவதுதான் 'செல்டன் திட்டம்'.

இந்தக் கணக்கு வேலை செய்ய ரெண்டு நிபந்தனை இருக்கு. ஒண்ணு, கூட்டம் ரொம்பப் பெருசா இருக்கணும். ரெண்டாவதுதான் எனக்கு முக்கியம்: தன்னை யாரோ கணிச்சு வெச்சிருக்காங்கன்னு அந்தக் கூட்டத்துக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா நடத்தை மாறிடும், கணக்கு உடைஞ்சிடும். இந்த ரெண்டாவது நிபந்தனையை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வரேன்.

சில கதைகள் போனதும் ஒரு சிக்கல். செல்டன் எல்லாத்தையும் முன்கூட்டியே சொல்லிட்டார்னா, ஒவ்வொரு கதையிலயும் கடைசியில திட்டம்தானே ஜெயிக்கும்? 1945-ல கேம்ப்பெல் கூப்பிட்டு, அடுத்த கதையில திட்டத்தை உடைச்சிடுன்னு சொன்னார். அசிமோவ் ஆடிப்போயிட்டார், முடியவே முடியாதுன்னு மறுத்தும் பார்த்தார். கேம்ப்பெல் விடல. அப்படிப் பிறந்த பாத்திரம்தான் 'மியூல்', மத்தவங்க மனசையே வளைக்கக்கூடிய ஒரு தனி ஆள். செல்டன் கணக்குல தனி ஆளுக்கு இடமே கிடையாது, அதனால மொத்தத் திட்டமும் சரியுது. இன்னைக்கு இந்த முத்தொகுதியைப் படிச்ச யாரைக் கேட்டாலும் முதல்ல சொல்ற பேர் மியூல்தான். அதாவது வாசகர்கள் அதிகமா நேசிக்கிற பகுதி, எழுதினவரே விருப்பமில்லாம, வாசகர் எதிர்பார்ப்பைப் போட்டு உடைச்ச பகுதி.

1950 ஜனவரி இதழோட அசிமோவ் நிறுத்திட்டார். ஒவ்வொரு கதையிலயும் முன்கதைச் சுருக்கம் சொல்லணும், பழசோட முரண்படாம பார்த்துக்கணும், அதுல அவருக்கு அலுத்துப்போச்சு. பழைய கோட்பேஸ்ல வேலை பார்க்கறவங்களுக்கு இந்த வலி புரியும். அப்போ கதைக்குள்ள 400 வருஷம்கூட முடியல, திட்டம் பாதி வழியில நிக்குது.

கதைகளைப் புத்தகமாப் போட டபுள்டே பதிப்பகத்துகிட்ட போனார். பழைய கதை வேண்டாம், புதுசு கொடுங்கன்னு சொல்லிட்டாங்க. நோம் பிரஸ்னு ஒரு சின்ன நிறுவனம் 1951, 52, 53-ல மூணு புத்தகமாப் போட்டது. காசு சரியா வரல. 1961-ல டபுள்டேவே உரிமையை வாங்கினதுக்கு அப்புறம்தான் புத்தகம் பரவலாப் போய்ச் சேர்ந்தது. 1966-ல எல்லாக் காலத்துக்குமான சிறந்த தொடர்னு ஒரு சிறப்பு ஹ்யூகோ விருது அறிவிச்சாங்க. போட்டியில 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இருந்தது. பரிசு டோல்கீனுக்குத்தான்னு அசிமோவே நினைச்சிருந்தார். ஜெயிச்சது 'ஃபவுண்டேஷன்'.

அவரோ 1957-ல ஸ்புட்னிக் பறந்ததுக்கு அப்புறம் பெரும்பாலும் அறிவியல் கட்டுரைப் பக்கம் போயிட்டார். நாவல் அபூர்வம். வாசகர்கள் மட்டும் விடல, மீதி 600 வருஷம் என்னாச்சுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. 1981-ல அதே டபுள்டே கூப்பிட்டு, நாவல்தான் வேணும், அதுவும் ஃபவுண்டேஷன்தான் வேணும்னு சொன்னது. முன்பணம் 50,000 டாலர், அவர் வழக்கமா வாங்கறதைப் போல பத்து மடங்கு. சந்தோஷத்தை விட அவருக்குப் பயம்தான் அதிகம். இந்தப் பணத்தைப் புத்தகம் திருப்பி எடுக்கலன்னா?

இப்போ செல்டனோட ரெண்டாவது நிபந்தனைக்கு வரேன். 1942-ல படிச்ச கூட்டத்துக்கு என்ன வரப்போகுதுன்னு தெரியாது. 1981-ல காத்திருந்த கூட்டம் மூணு புத்தகத்தையும் மனப்பாடமா வெச்சிருந்த கூட்டம். அசிமோவ் எப்படித் திருப்புவார், எங்க ஒளிச்சு வெப்பார்னு அவங்களுக்கு அத்துப்படி. கணிக்கப்படற கூட்டத்துக்குக் கணக்கு தெரிஞ்சுபோச்சு. பெயர்பெற்ற எந்தக் கதைக்கும் புதுப் பாகம் எழுத உட்கார்றவங்க எல்லாருக்கும் இதுதான் நிலைமைன்னு நினைக்கறேன்.

பயந்துபோன அசிமோவை நிமிர்த்தினது ரெண்டு விஷயம். ஒண்ணு, குறை சொல்லிக்கிட்டே படிச்சாலும் அவர் கை பக்கத்தைப் புரட்டிக்கிட்டேதான் இருந்தது. முடிஞ்சதும் இன்னும் வேணும்னு இருந்தது. ஆனா, நான்தானே எழுதினவன், என் ருசியை எப்படி நம்பறதுன்னு ஒரு சந்தேகம். ரெண்டாவது, விமர்சகர் ஜேம்ஸ் கன் எழுதின சில வரிகள் தற்செயலா அவர் கண்ணுல பட்டது. இந்தக் கதைகளை இழுத்துக்கிட்டுப் போறது அதிரடி இல்ல, துப்பறியும் கதை மாதிரி கருத்துகள் ஒண்ணையொண்ணு கவிழ்க்கற ஆட்டம்தான்னு கன் சொல்லியிருந்தார். சரி, அதைத்தான் திரும்பச் செய்யணும்னு அசிமோவ் உட்கார்ந்தார். 'லைட்னிங் ராட்'னு பேர் வைக்க நினைச்சார். தலைப்புல 'ஃபவுண்டேஷன்' கட்டாயம் இருக்கணும்னு பதிப்பகம் சொல்லிடுச்சு. 1982-ல 'ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்' வந்தது.

புத்தகம் எப்படித் தொடங்குது தெரியுமா? திட்டம் தொடங்கி 498 வருஷம் ஆச்சு. செல்டன் சொன்னது அத்தனையும் அப்படியே நடக்குது, ஊரே கொண்டாடுது. கோலன் டிரிவைஸ் என்ற ஒருத்தன் மட்டும் சந்தேகப்படறான். மியூல் வந்து இவ்வளவு குழப்பினதுக்கு அப்புறமும் திட்டம் அச்சுப் பிசகாம போகுதுன்னா, யாரோ பின்னாடி இருந்து சரி செஞ்சுக்கிட்டே இருக்காங்கன்னு அர்த்தம். எல்லாம் எதிர்பார்த்தபடி நடக்கறதே ஒரு மர்மம். முப்பத்திரண்டு வருஷம் கழிச்சு அசிமோவ் வாசகர்களோட எதிர்பார்ப்பையே துப்பறியற விஷயமா மாத்திட்டார். கடைசியில டிரிவைஸ் முதல் ஃபவுண்டேஷனையும் தேர்ந்தெடுக்கல, ரெண்டாவதையும் தேர்ந்தெடுக்கல. கயா என்ற, மொத்தக் கிரகமும் ஒரே மனசா வாழற மூணாவது வழியைத் தேர்ந்தெடுக்கறான்.

புத்தகம் நியூயார்க் டைம்ஸ் பெஸ்ட்செல்லர் பட்டியல்ல 25 வாரம் இருந்தது. அத்தனை புத்தகம் எழுதின அசிமோவுக்கு அதுதான் முதல் பெஸ்ட்செல்லர். 1983-ல சிறந்த நாவலுக்கான ஹ்யூகோவும் கிடைச்சது. ஆனா செல்டன் திட்டத்தை நம்பி வளர்ந்த வாசகனுக்குக் கயா ஒரு அடிதான். எனக்கே அப்படித்தான் இருந்தது. ஆயிரம் வருஷத் திட்டத்தை ஓரமா வெச்சிட்டு இதென்ன புதுசான்னு எரிச்சல். மியூல் வர்ற இடத்துலயும் எனக்கு இதே கோபம் வந்தது. இப்போ திரும்ப எடுத்துப் படிக்கறது அந்த இடத்தைத்தான். இதை ஒத்துக்க எனக்குக் கொஞ்சம் நாள் ஆச்சு.

வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. இன்னும் வேணும், இன்னும் வேணும்னு கேட்டாங்க. அசிமோவ் தன்னோட ரோபோ கதைகளையும் இதோட சேர்த்துத் தைக்க ஆரம்பிச்சார். 1986-ல 'ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்' எழுதினார். அதுக்கு மேல கதையை எப்படிக் கொண்டுபோறதுன்னு அவருக்கே வழி தெரியல. பின்னாடி திரும்பி, செல்டனோட இளமைக் காலத்தை 1988-ல எழுதினார். கடைசி நாவல்ல செல்டன் வயசாகி, கூட இருந்தவங்களை ஒவ்வொருத்தரா இழந்து, திட்டத்தை முடிக்க நேரம் போதுமான்னு ஓடறார். அதை எழுதினப்போ அசிமோவும் நோயாளி. 1992 ஏப்ரல் 6-ல இறந்தார். புத்தகம் 1993-ல வந்தது.

கதைக்குள்ள மீதி இருந்த 500 வருஷத்தை அவர் கடைசி வரைக்கும் எழுதல. வாசகர்கள் அத்தனை வருஷம் கேட்டது அதைத்தான். கிடைச்சது மியூல், டிரிவைஸோட சந்தேகம், வயசான செல்டன். கேட்டதையே அவர் கொடுத்திருந்தா இந்த மூணுல எது நமக்கு மிஞ்சியிருக்கும்னு யோசிச்சுப் பார்க்கறேன்.

உங்களுக்குப் பிடிச்ச தொடரோட அடுத்த பாகத்துக்கு நீங்களும் காத்துக்கிட்டிருக்கலாம். ட்ரெய்லர் பார்த்துட்டு மனசுல கதையை எழுதி முடிச்சிருக்கலாம். அதுல உங்க கணக்குக்குள்ள அடங்காத ஒரு ஆள் வந்தா, உடனே மூடி வெச்சிடாதீங்க. ஒரு வருஷம் கழிச்சு இன்னொரு தடவை பாருங்க. அப்பவும் பிடிக்கலன்னா தாராளமாத் திட்டுங்க, நானும் கூட வரேன்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.