கோயிலுக்குள் யாருடைய பாட்டு?

செண்பகத்தோப்பு மலையடிவாரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் வரை உள்ள வட்டாரம், பாடித்தான் கும்பிட வேண்டும் என்று பழகிய மண். ஆண்டாள் பிறந்த ஊரில் மார்கழி விடிவதே பாட்டோடுதான். தென்மாவட்டக் கிறிஸ்தவர்களும் அதே மார்கழியில் கிறிஸ்துமஸை எதிர்பார்த்துத் தெருத்தெருவாகப் பாடிப் போகிறார்கள். அதற்கு அவர்கள் இட்டிருக்கும் பெயரும் பஜனைதான். தெருவில் இப்படித் தயக்கமில்லாமல் ஒலிக்கும் குரல் ஆலய வாசலைத் தாண்டியதும் வழக்குக்கு உள்ளாகிறது. மேல்நாட்டு மெட்டுப் பாமாலையா கர்நாடக ராகக் கீர்த்தனையா, ஆர்கனா மிருதங்கமா, பறை உள்ளே வரலாமா, கீபோர்டும் டிரம்ஸும் ஆராதனையா ஆர்ப்பாட்டமா என்று தமிழ்ச் சபைகள் இருநூறு ஆண்டுகளாக விவாதித்து வருகின்றன. கடவுளுக்கு எந்த இசை உகந்தது என்பதே கேள்வி போலப் பேசப்படுகிறது. வரலாற்றைப் பார்த்தால், உள்ளே நின்று பாட யாருக்கு உரிமை உண்டு என்பதுதான் ஒவ்வொரு முறையும் உண்மையான வழக்காக இருந்திருக்கிறது.

இந்த வழக்கை ஆராய ஸ்ரீவில்லிபுத்தூர் நல்ல இடம். 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும் வரை இது திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. மிஷன் வரலாற்றிலும் இது எல்லை நிலம்தான். தெற்கே ஆங்கிலிக்கன் சபையின் சி.எம்.எஸ்., வடக்கே 1834-இல் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷன். 1854-இல் சி.எம்.எஸ். மிஷனரி தாமஸ் ராக்லண்ட் சிவகாசியை மையமாக வைத்து வடதிருநெல்வேலியில் கூடாரமடித்து ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கினார். தெற்குச் சபைகள் முறைவைத்து உபதேசியார்களை அனுப்பி அந்த வேலையைத் தாங்கின. ராக்லண்ட் 1858-இல் சிவகாசியிலேயே இறந்தார். சி.எம்.எஸ். சபைகளில் ஜெபப்புத்தக ஒழுங்கும் இங்கிலாந்து மெட்டுகளும் இருந்தன. மதுரைப் பக்கம் அமெரிக்கர்கள் கீர்த்தனைகளை அச்சேற்றிக்கொண்டிருந்தார்கள். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை இந்த இரண்டு மரபையும் ஒரே குடும்பமாக்கியது.

கதை இதற்கும் முன்பே தொடங்குகிறது. 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மிஷனரி ஃபப்ரிசியுஸ் ஜெர்மன் ஞானப்பாட்டுகளை மெட்டு மாறாமல் தமிழாக்கினார். தமிழின் குறில் நெடிலுக்கும் அந்த மெட்டின் நீட்டல் குறுக்கலுக்கும் பல இடங்களில் ஒத்துப்போகாது; நீள வேண்டிய எழுத்து குறுகும், குறுக வேண்டியது நீளும். ஆனாலும் தலைமுறை தலைமுறையாகக் கல்யாணத்திலும் அடக்க ஆராதனையிலும் பாடிப் பாடி அவை தமிழ்க் கிறிஸ்தவர்களின் சொத்தாகிவிட்டன. அந்நிய மெட்டு என்பதற்காக அவற்றை வெளியே தள்ளச் சொல்வோர் இதை எண்ண வேண்டும். பாட்டி சாகும் தறுவாயில் கேட்ட பாட்டை அந்நியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்த சான்று இன்னும் சிக்கலானது. திருநெல்வேலியில் 1774-இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார், மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரின் மாணவராகத் தஞ்சாவூரில் வளர்ந்தார். பிற்கால மன்னர் இரண்டாம் சரபோஜி அவருடைய நண்பர். கர்நாடக ராகங்களில் அவர் புனைந்த கீர்த்தனைகள் இன்றும் தமிழ் ஆலயங்களில் பாடப்படுகின்றன. அவர் எடுத்துக்கொண்ட வடிவங்களும் கோயில் சுவருக்குள் பிறந்தவையல்ல. குறவஞ்சி ஆட்டமும் காதலும் கலந்த மேடை வடிவம். அதை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி ஆக்கினார். 1820-களில் வந்த புதிய மிஷனரிகளுக்கு இந்த இசை ஒவ்வவில்லை. ஆராதனையில் அவர் பாட்டுக்கு இடம் மறுத்தார்கள். அவர் எதிர்த்து எழுதினார். இதைச் சுதேசி இசைக்கும் வெள்ளைக்கார ஆணவத்துக்கும் நடந்த சண்டை என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதி உண்மைதான் மிஞ்சும். எல்லாச் சாதியாரும் கலந்து உட்கார வேண்டும் என்று அதே மிஷனரிகள் வற்புறுத்தியதையும் சாஸ்திரியார் அதே மூச்சில் எதிர்த்தார். இசையில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. சாதி விஷயத்தில் நியாயம் மறுபக்கம் இருந்தது. பாட்டைப் பற்றிய வாதத்துக்குள் யார் யாரோடு உட்காருவது என்ற வாதம் எவ்வளவு ஆழமாகப் பின்னிக் கிடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

தஞ்சாவூரில் மறுக்கப்பட்டதை மதுரை மிஷன் ஏற்றது. எட்வர்ட் வெப் என்ற அமெரிக்க மிஷனரி முதிய சாஸ்திரியாரிடமிருந்து பாட்டுகளைப் பெற்று 1853-இல் கீர்த்தனைத் தொகுப்பொன்றை வெளியிட்டார். எழுதப்படிக்கத் தெரியாத சபைக்குக் கீர்த்தனை வடிவத்தில் பெரிய பயன் இருந்தது. சரணத்தை ஒருவர் பாட, திரும்பத் திரும்ப வரும் பல்லவியைக் கையில் புத்தகமில்லாத எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம். உபதேசியார் மரத்தடியில் நின்று சொல்ல வந்த செய்தியைவிட அவர் விட்டுப்போன பல்லவிதான் ஊரில் நின்றது என்றால் மிகையாகாது. இந்த ஏற்பு ஆலயத்தோடு நிற்கவில்லை. தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் தஞ்சாவூரில் இசை மாநாடுகள் கூட்டி, 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டபோது, தமிழிசையின் பழமையை நிறுவும் வேலையையே ஒரு கிறிஸ்தவர் தோளில் சுமந்தார்.

ஆனால் கீர்த்தனை வென்றதோடு நியாயம் முழுமையாகிவிடவில்லை. ராகம் தாளம் கற்க வாய்ப்பிருந்த சாதிகளின் இசைதான் தமிழ் இசையாக உள்ளே நுழைந்தது. சபைகளில் பெருந்தொகையாக இருந்த தலித் மக்களின் பறையும் கும்மியும் ஒப்பாரியும் வாசலிலேயே நின்றன. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோஃபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்ற பெயரில் எழுதியவர், இந்த வாசலைத்தான் உடைத்தார். நாட்டுப்புற மெட்டிலேயே முழு வழிபாட்டு முறையையும் அமைத்தார். நாட்டுப்புறப் பாட்டை யாரும் எடுத்து, வேண்டிய இடத்தில் மாற்றி, தன் வாழ்க்கையைச் சேர்த்துப் பாடலாம். ஏட்டில் இறுகிய இசைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை என்பது அவர் வாதம்.

பறை உள்ளே வருவதற்கு எழும் மறுப்புகளில் மிகக் கனமானது தலித் கிறிஸ்தவர்களிடமிருந்தே வருகிறது. சாவு வீட்டில் கூலியில்லாமல் அடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கருவி அது. அதைக் கீழே போட்டதுதான் எங்கள் விடுதலை. அதையே கோயிலுக்குள் தூக்கி வரச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறார்கள். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தள்ளவும் கூடாது. பல ஊர்களில் பறையை விட்டதே ஒரு விசுவாச அறிக்கையாக இருந்தது. ஆனால் கட்டாயத்தால் அடிப்பதும் விருப்பத்தால் அடிப்பதும் ஒன்றல்ல. எடுப்பதா விடுவதா என்பதை அந்த மக்களே தீர்மானிக்க வேண்டும். ஆலயத்தின் புனிதத்தைக் காரணம் காட்டி மற்றவர்கள் தடுக்க முடியாது. வேதத்திலேயே 150-ஆம் சங்கீதம் கடவுளைத் துதிக்கத் தம்புருவையும் கைத்தாளத்தையும் பெயர் சொல்லி அழைக்கிறது.

இன்றைய மறுப்பு வேறு. பெந்தெகொஸ்தே கூட்டங்களிலிருந்தும், கத்தோலிக்கக் குருவாக இருந்த பெர்க்மான்ஸின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ போன்ற வெளியீடுகளிலிருந்தும் வந்த கோரஸ்கள் எல்லாச் சபைகளிலும் பரவிவிட்டன. சினிமா மெட்டு சபைக்குள் வந்துவிட்டது என்று முதியோர் வருந்துகிறார்கள். மெட்டு உலகத்தது என்ற குற்றம் குறவஞ்சிக்கும் பொருந்தும்; அதனால் கோரஸைத் தள்ள அது போதாது. கவலைப்பட வேண்டியது ஒலிபெருக்கியைப் பற்றி. கீபோர்டும் நான்கு மைக்கும் மேடையை நிரப்பும்போது கீழே நிற்பவர் குரல் அவருக்கே கேட்பதில்லை. பயிற்சி பெற்ற பாடகர் குழு மட்டும் ஆங்கிலக் கீதத்தைப் பாடிச் சபை வாய்மூடி இருந்த பழைய ஆங்கிலிக்கன் ஆராதனையிலும் இதே குறை இருந்தது. சபை பாடாமல் கேட்டுக்கொண்டிருந்தால், இசை ஐரோப்பாவிலிருந்து வந்ததா அரசரடியிலிருந்து வந்ததா என்பது முக்கியமே இல்லை, அது கச்சேரி. நீதி ஓடாத இடத்தில் எழும் பாட்டு இரைச்சல் என்று ஆமோஸ் தீர்க்கதரிசி இன்னும் கடுமையாகவே சொல்லிவிட்டார்.

ஆகவே இந்த வட்டாரத்துச் சபை மூப்பர்களுக்கும் ஆயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பஜனையில் பாடப்படும் உள்ளூர்ப் பாட்டுகளை, இயற்றியவர் பெயர் தெரிந்தால் பெயரோடு, பாமாலையும் கீர்த்தனையும் அச்சேறியதைப் போல அச்சேற்றுங்கள். வரும் மார்கழியில் அவற்றைத் தெருவோடு நிறுத்தாமல், ஞாயிறு ஆராதனையிலும் மைக் இல்லாமல் எல்லோரையும் பாடச் சொல்லுங்கள்.