வல்வெட்டித்துறை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், வடமராட்சிப் பகுதியில் அமைந்த சிறு பட்டினம். சுருக்கமாக வல்வை என்பர். பருத்தித்துறைக்கு மேற்கே, பாக்கு நீரிணையைப் பார்த்தபடி இருக்கிறது. வடக்கே கடலுக்கு அப்பால் கோடிக்கரை.

ஊரின் வரலாறு பாய்க்கப்பல்களின் வரலாறு. வல்வையின் தண்டையல்கள், அதாவது கப்பல் தலைவர்கள், நாகப்பட்டினம் முதல் பர்மா வரை சரக்கேற்றிச் சென்றனர். கப்பல்களைக் கட்டியவர்களும் இவ்வூர் மேத்திரிமாரே. அவர்கள் 1930இல் வேப்பமரத்தால் கட்டிய ‘அன்னபூரணி’ 89 அடி நீளம் கொண்டது. அதை வாங்கிய அமெரிக்கக் கடற்பயணி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன், ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ எனப் பெயர் மாற்றினார். தண்டையல் தம்பிப்பிள்ளையும் பிற வல்வை மாலுமிகளும் அதைச் செங்கடல், மத்தியதரைக் கடல் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து ஓட்டிச் சென்று, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்சின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். தமிழர் கடலோட்டத்தைப் பற்றிப் பேசுவோர் சோழர் காலத்தோடு நின்றுவிடுவது நியாயமில்லை. இந்தப் பயணம் நம் பாட்டன்மார் காலத்தது.

இலங்கையின் சுதந்திரத்துக்குப் பின் வணிகக் கட்டுப்பாடுகள் இறுகப் பாய்க்கப்பல் தொழில் நலிந்தது. கடலோடு இருந்த உறவு நீச்சலில் தொடர்ந்தது. 1954இல் அயலூரான தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு ஏறத்தாழ 27 மணி நேரத்தில் நீந்திப் பாக்கு நீரிணையைக் கடந்தார். 1943இல் வல்வையில் பிறந்த வி. எஸ். குமார் ஆனந்தன், 1971இல் நீரிணையை நீந்திக் கடந்து, மறுபடி நீந்தியே திரும்பினார். எடுத்த நேரம் 51 மணி. கின்னஸ் ஏட்டில் பல சாதனைகள் பதித்த இந்தச் சட்டத்தரணியை மக்கள் ‘ஆழிக்குமரன்’ என அழைத்தனர். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிரிழந்தார்.

ஊரின் நடுநாயகம் முத்துமாரி அம்மன் கோயில். சித்திரைப் பௌர்ணமியில் அம்மன் தீர்த்தமாடும் நாளில் இந்திரவிழாவும் களைகட்டும். தைப்பொங்கலன்று கடற்கரையில் நடக்கும் பட்டப்போட்டிக்கு வெளியூர்களிலிருந்தும் சனம் திரண்டு வரும். மூங்கிலைச் சீவி, கட்டி, தாள் ஒட்டி, தலையில் விண் பூட்டுவார்கள். விண் என்பது வில்லில் இழுத்துக் கட்டிய நார். காற்றுப் பட்டதும் அதிர்ந்து கூவும். வாடைக்காற்றில் பல பட்டங்கள் ஒன்றாக ஏறும்போது அந்தக் கூவல் கரை முழுவதும் கேட்கும். கப்பல், விலங்கு என்று இளைஞர் கைவண்ணம் வானில் அசைவதைக் காணாமல் வல்வையைக் கண்டதாகச் சொல்ல முடியாது.

உள்நாட்டுப் போர் ஊரைக் கடுமையாகத் தாக்கியது. 1989 ஆகஸ்டில் இந்திய அமைதிப்படையினரால் இங்கு 50க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். பலர் புலம்பெயர்ந்தனர்.

ரேவடிக் கடற்கரையில் இன்று சிறுவர்கள் நீச்சல் பழகும் தடாகம் குமார் ஆனந்தனின் நினைவாகப் பெயரிடப்பட்டுள்ளது.