'அன்னோன் பிளஷர்ஸ்': ஓர் இசைத்தட்டு கேட்கப்பட்ட வரலாறு

முன்னுரை

ஜாய் டிவிஷன் குழுவின் முதல் ஆல்பமான 'அன்னோன் பிளஷர்ஸ்' 1979 ஜூனில் மான்செஸ்டரிலிருந்து வெளிவந்தது. இன்று அதைக் கேட்க அமர்பவர்களில் பலருக்குப் பாடகர் இயன் கர்டிஸின் தற்கொலை முன்பே தெரிந்திருக்கிறது. ஆனால் ஆல்பம் வந்து பதினொரு மாதங்கள் அவர் உயிரோடு இருந்தார். அந்த இடைவெளியில் அது எப்படிக் கேட்கப்பட்டது, பின்னர் அந்தக் கேட்பு எப்படி மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்புலம்

1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு நடத்திய நிகழ்ச்சிக்குக் கூட்டம் அதிகமில்லை. அதைப் பார்த்த பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹூக்கும் தாங்களும் குழு தொடங்கத் துணிந்தார்கள். கர்டிஸும் டிரம்ஸ் கலைஞர் ஸ்டீபன் மாரிஸும் பிறகு சேர்ந்தார்கள். துணிச்சலைத் தந்தது பங்க். பெரிய நிறுவனம் இல்லாமலே இசைத்தட்டு போடலாம் என்று காட்டியது அதே வட்டாரத்தின் பஸ்காக்ஸ் குழு. 1977 ஜனவரியில் அவர்கள் சொந்தமாக வெளியிட்ட 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' தட்டைத் தயாரித்த மார்ட்டின் ஹானெட்தான் இந்த ஆல்பத்தின் தயாரிப்பாளரும்.

1978இல் டோனி வில்சனும் ஆலன் இராஸ்மஸும் தொடங்கிய ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ், லாபத்தைக் கலைஞர்களோடு சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டது. ஜாய் டிவிஷனின் மேலாளர் ராப் கிரெட்டன் லண்டனை நாடாமல் இந்த உள்ளூர் நிறுவனத்தையே தேர்ந்தார்.

ஒலிப்பதிவு

1979 ஏப்ரலில் ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. மேடையில் ஒரே பாய்ச்சலாக வந்த ஒலியை ஹானெட் பிரித்துப் போட்டார். டிரம்ஸின் ஒவ்வொரு பகுதியையும் மாரிஸைத் தனித்தனியே வாசிக்கச் செய்தார். டிஜிட்டல் டிலே கருவியால் ஓசைகளுக்கிடையே வெற்றிடத்தை உண்டாக்கினார். கண்ணாடி உடையும் சத்தமும் லிஃப்ட்டின் இரைச்சலும் பாடல்களுக்குள் வந்தன. கிட்டார் பின்வாங்கிய இடத்தில் ஹூக்கின் பேஸ் கிட்டார் மேல் ஸ்தாயியில் மெட்டை ஏந்தியது.

முதல் வரவேற்பு

முதல் மறுப்பு குழுவுக்குள்ளிருந்தே எழுந்தது. தங்கள் இசையின் உக்கிரம் போய்விட்டதாக ஹூக்கும் சம்னரும் வருந்தினார்கள். அவர்கள் குறையாகக் கண்ட அந்த வெற்றிடம்தான் பின்னாளில் போஸ்ட்-பங்க் இசையின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. 'மெலடி மேக்கர்' இதழில் ஜான் சாவேஜ் ஆல்பத்தை வியந்து எழுதினார். முதலில் அச்சிட்டவை 10,000 பிரதிகள். பிரிட்டனின் தேசிய விற்பனைப் பட்டியலில் அவ்வாண்டு இடம் கிடைக்கவில்லை. முன்னட்டையில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. துடிவிண்மீன் ஒன்றின் ரேடியோ அலைக்கோடுகள் மட்டுமே கருப்பின் மீது வெள்ளையாக நின்றன. விளம்பரத்துக்கென ஒரு சிங்கிளும் அதிலிருந்து எடுக்கப்படவில்லை. பெரிய நிறுவனம் எளிதில் இசைந்திருக்காத இந்தத் தேர்வுகளைச் சுயேச்சை நிறுவனம் அனுமதித்தது.

1980க்குப் பின்

1980 மே 18 அன்று, அமெரிக்கப் பயணம் தொடங்கவிருந்த தறுவாயில், 23 வயதில் கர்டிஸ் இறந்தார். ஜூலையில் வந்த குழுவின் இரண்டாம் ஆல்பமான 'க்ளோசர்' பிரிட்டன் பட்டியலில் ஆறாம் இடத்தை எட்டியது. ஆகஸ்டில் முந்தைய ஆல்பமும் 71ஆம் இடம் வரை ஏறியது. 2019இல் நாற்பதாம் ஆண்டு மறுவெளியீடு ஐந்தாம் இடத்தைத் தொட்டது. புகழ் வளர வளர, பாடல்கள் மரணக் கடிதமாகவே வாசிக்கப்பட்டன.

இந்த வாசிப்புக்கு 'ஷீ'ஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' பாடலே மறுப்பு. கர்டிஸ் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பணியாற்றியவர். அங்கே உதவி கேட்டு வந்த, வலிப்பு நோயால் துன்புற்ற ஒரு பெண்ணை நினைத்தே அதை எழுதினார். தமக்கும் வலிப்பு இருப்பதை மருத்துவர்கள் உறுதிசெய்வதற்கு முன்பே அதைப் பாடிக்கொண்டிருந்தார்.

முடிவுரை

துயரம் ஆல்பத்தில் உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது ஒருவர் தம்மைப் பற்றி மட்டும் எழுதிய துயரமன்று. இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு 'வெளியே' என்றும் மறுபக்கத்துக்கு 'உள்ளே' என்றும் பெயரிட்டிருந்தார்கள். அந்த 'உள்ளே' பக்கம் தொடங்குவதே முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் பாடலோடுதான்.