ரேடியோவின் முள்ளும் செல்போனின் பூட்டும்

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பிரெஞ்சில் 'போஸ்த்' என்ற சொல் ஆண்பாலில் வந்தால் ரேடியோப் பெட்டி. பெண்பாலில் வந்தால் தபால் துறை. மத்திய அரசு குமாஸ்தாவாக 1974-ல் மண்டபத்துக்கு வந்து ரேடியோ வாங்கியபோது, இரண்டும் ஒன்றாக என் தலையில் ஏறின. அந்தக் காலத்தில் ரேடியோவுக்கு லைசென்ஸ் உண்டு. வருடந்தோறும் தபால் ஆபீசில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். உங்களுக்கும் நினைவிருக்கும்.

ஆனால் எந்த நிலையத்தைக் கேட்கலாம் என்று பெட்டி செய்த கம்பெனி சொல்லவில்லை. முள்ளைத் திருப்பினால் கடலுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலி, கே.எஸ். ராஜாவின் குரலோடு, கணீரென்று கேட்கும்.

அந்த முள்ளின் அருமை அதற்கு முன்பே நாட்டுக்குத் தெரிந்திருந்தது. 1952-ல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றுபோனது. ஜனங்கள் ரேடியோ சிலோனுக்குத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் 1957 அக்டோபர் 3-ல் அரசே விவித் பாரதியைத் தொடங்கியது. வடகொரியாவில் செய்வதுபோல் அரசு நிலையத்திலேயே முள்ளைப் பூட்டி விற்றிருந்தால் இது நடந்திருக்குமா?

இன்று அதே கேள்வி செல்போனுக்கு வந்திருக்கிறது. ஐபோனில் 2008 முதல் ஆப்பிளின் கடை வழியாகத்தான் செயலிகள் வரும். ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு, 2024 மார்ச்சில் அங்கே மற்ற கடைகளுக்கும் வழி திறக்க வைத்தது. நம் நாட்டில் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், ஆண்ட்ராய்டு போன்களில் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியிலிருந்து செயலி இறக்குவதைத் தடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால் அந்த உத்தரவை நீக்கிவிட்டது.

பூட்டே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். என்னோடு ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், வாட்ஸ்அப்பில் வந்த 'பென்ஷன்' செயலியை இறக்கி நாற்பதாயிரம் ரூபாயை இழந்தார். ரேடியோவில் முள் தவறினால் இரைச்சல்தான் கேட்கும், பணம் போகாது. அதனால் என் போனில் வெளிச் செயலிகள் இறங்காதபடி பேரனைப் பூட்டுப் போடச் சொன்னேன். வேண்டாமென்றால் நாளைக்கே எடுத்துவிடலாம். கம்பெனி போடும் பூட்டை அப்படி எடுக்க முடியாது. எச்சரிக்கட்டும், இரண்டு முறை கேட்கட்டும். சாவி மட்டும் காசு கொடுத்து வாங்கியவரிடம் இருக்க வேண்டும்.