ஊராட்சி வானொலி

கிராமத்தார் கூடிக் கேட்க அரசுப் பணத்தில் வைக்கப்பட்ட பொது வானொலி. 1950களில் பெட்டியின் விலையில் பாதியை மத்திய அரசு ஏற்றது. வாங்கித் தருவதில் இருந்த அக்கறை பழுதுபார்ப்பதில் இல்லை. பல பெட்டிகள் ஊமையாயின. ஆயினும் பயன் சிறிதல்ல: வேளாண் ஒலிபரப்பால் தஞ்சையில் பரவிய ஏ.டி.டி. 27 நெல்லை உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். ஒலிபரப்பும் நிலையங்களைப் பொறுத்தவரை, உப்பளங்கள் நிறைந்த மரக்காணத்துக்கு அருகிலுள்ள அரசு வானொலி நிலையம் புதுச்சேரி (1967). 1997 முதல் அகில இந்திய வானொலியை நடத்தும் பிரசார் பாரதி பெரிதும் மத்திய மானியத்தையே நம்பியுள்ளது. தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய வானொலி உரிமம் வழங்கிய 2006ஆம் ஆண்டுக் கொள்கை, மணிக்கு ஐந்து நிமிட விளம்பரத்தை அனுமதித்தது. மரக்காணம் போன்ற உப்பளத் தொழிலாளர் ஊரில் விளம்பரம் தருபவர் யார் என்பதை அது யோசிக்கவில்லை.