ஆற்றலும் இணைப்பும்: ஊரிகம் முதல் ஒரகடம் வரை

ஆங்கிலத்தில் 'டிரான்ஸ்மிஷன்' என்று ஒரு சொல் உண்டு. அரசாங்க அலுவலகங்களில் மொழிபெயர்ப்புப் பணி செய்வோரிடம் இச்சொல் ஒன்றாக வந்து மூன்றாகப் பிரியும். கோப்பு வானொலியைப் பற்றியதாயின் 'ஒலிபரப்பு' என்று எழுதுகிறோம். மின்சாரத்தைப் பற்றியதாயின் 'மின் கடத்தல்' என்கிறோம். மோட்டார் வண்டியைப் பற்றியதாயின் 'பல்லிணைப் பெட்டி' என்று எழுதிவிட்டு, படிப்பவர் மயங்காதிருக்கும் பொருட்டுக் 'கியர் பெட்டி' என்றும் சேர்த்துக் கொள்கிறோம். சொற்கள் மூன்றாயினும் கருத்து ஒன்றே. ஓரிடத்தில் பிறக்கும் ஆற்றலை, வேலை நடக்கும் இடத்திற்கு, அவ்வேலைக்கு ஏற்ற வடிவில் கொண்டு சேர்ப்பதே அக்கருத்து.

இன்று பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் கார் வாங்கும் பேச்சு எழும்போது ஒரு வினாவும் உடன் எழுகின்றது. சிறிய டர்போ எஞ்சின் பொருத்திய வண்டியை ஆட்டோமேட்டிக் கியருடன் வாங்குவதா, கையால் மாற்றும் கியருடன் வாங்குவதா என்பதே அது. விளம்பரத்தில் குதிரைத்திறன் பெரிய எழுத்தில் இருக்கின்றது. கியர் பெட்டியின் வகையோ சிறிய எழுத்தில் இருக்கின்றது. ஆனால், ஆற்றலின் பயன் அதன் இணைப்பைப் பொறுத்தது என்பதே இயந்திரங்களின் வரலாறு நமக்குக் கூறும் பாடம். அப்பாடத்தைக் கற்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கோலார் தங்கவயலில், தமிழர் பல தலைமுறைகளாக வாழும் ஊரிகத்திலிருந்தே தொடங்கலாம்.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கில நிறுவனம் தங்கவயலில் அடியெடுத்து வைத்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்னும் நான்கு பெருஞ்சுரங்கங்கள் வளர்ந்தன. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக அங்கே சென்றனர். பாறை ஆழமாக ஆழமாக, ஆட்களை இறக்கவும் கல்லை ஏற்றவும் பேராற்றல் தேவைப்பட்டது. தொடக்கத்தில் அதனை நீராவிப் பொறிகள் தந்தன. அவற்றிற்கு வேண்டிய எரிபொருளைத் தொலைவிலிருந்து பெருஞ்செலவில் கொண்டுவர வேண்டியிருந்தது.

இந்நிலையில்தான் 1902 ஜூன் 30ஆம் நாள் காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே ஓடித் தங்கவயலை வந்தடைந்தது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்கடத்தற் பாதைகளுள் இதுவும் ஒன்று. அருவியின் ஆற்றல் எத்தனையோ ஊழிகளாக அங்கே இருந்தது. அதனைச் சுரங்கத்தோடு பிணைக்கும் வழி அமைந்த நாளில்தான் அது சுரங்கத்திற்கு உரிய ஆற்றலாயிற்று.

சுரங்கக் கூண்டை ஏற்றி இறக்கும் பொறியை எண்ணிப் பாருங்கள். ஆட்கள் நிறைந்த கூண்டு அசைவற்று நிற்கின்றது. அந்நிலையிலிருந்தே முழுப் பாரத்தையும் அதிர்வின்றி இழுக்க வேண்டும். நீராவிப் பொறிக்கும் மின்மோட்டாருக்கும் இயற்கையாகவே இந்த வல்லமை உண்டு. சுழலத் தொடங்குமுன்பே அவை வலிய முறுக்கு விசையைத் தருகின்றன. ஆகவே, பெரிய நீராவிப் பொறிகளில் இரும்புக் கயிறு சுற்றும் உருளையை இடையில் கியர் ஏதுமின்றிப் பொறியின் அச்சிலேயே பொருத்தினார்கள்.

பெட்ரோல், டீசல் எஞ்சின்களின் இயல்பு வேறு. நின்ற நிலையில் அவற்றிற்கு வலிமை கிடையாது. நிமிடத்திற்குப் பல நூறு சுற்றுகள் சுற்றிய பின்னரே அவை தம்மைத் தாமே தாங்கிக் கொள்ளும். ஆயிரத்தைத் தாண்டிய பின்னரே பாரம் சுமக்கும். சுற்றிக்கொண்டிருக்கும் எஞ்சினையும் நின்றுகொண்டிருக்கும் சக்கரத்தையும் மெல்ல இணைப்பதற்காகவே கிளச் தோன்றிற்று. எஞ்சினின் வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்குவதற்காகவே கியர் தோன்றிற்று. கிளச் மிதியும் கியர்த் தண்டும் ஓட்டுநருக்கு இட்ட அலங்காரங்கள் அல்ல; எஞ்சினின் பிறவிக் குறைக்கு வாய்த்த ஊன்றுகோல்கள்.

சிவசமுத்திர மின்சாரம் தங்கவயலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில், அதாவது 1905இல், ஐரோப்பாவில் இரண்டு கண்டுபிடிப்புகள் காப்புரிமைக்கு வந்தன. ஒன்றை அளித்தவர் ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர். கப்பலின் நீராவிச் சுழலி மிக விரைவாகச் சுழலும். நீரைத் தள்ளும் விசிறியோ மெதுவாகச் சுழல வேண்டும். இவ்விரண்டிற்கும் இடையே பற்சக்கரங்களை வைக்காமல், திரவத்தின் ஓட்டத்தாலேயே ஆற்றலைக் கடத்த அவர் வழிகண்டார். அதுவே இன்றைய 'டார்க் கன்வெர்ட்டர்' என்னும் முறுக்கு மாற்றியின் மூலம்.

மற்றொன்றை அளித்தவர் சுவிட்சர்லாந்து நாட்டினரான ஆல்ஃபிரட் பூகி. எஞ்சின் வெளியே தள்ளும் சூடான புகையில் எரிபொருளின் ஆற்றலில் பெரும் பகுதி வீணாவதைக் கண்ட அவர், அப்புகையைக் கொண்டே ஒரு சிறு சுழலியைச் சுழற்றினார். அச்சுழலி காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தும். காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம். சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும். இதுவே டர்போ.

இந்த டர்போவுக்கும் ஒரு குறை உண்டு. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது புகை குறைவு. புகை குறைவாயின் சுழலி தூங்கும். ஓட்டுநர் திடீரென ஆக்சிலேட்டரை மிதித்தாலும், சுழலி விழித்து நிமிடத்திற்கு ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட சுற்றுகளை எட்டச் சிறிது காலம் பிடிக்கும். ஏற்கனவே தொடக்கத்தில் வலிமை குன்றிய எஞ்சின், டர்போவை நம்பிச் சிறிதாக்கப்படும்போது அத்தொடக்கத்தில் மேலும் மெலிகின்றது. எனவே டர்போவைப் பொருத்திய எவர்க்கும், அந்த மெலிவை எந்த இணைப்பால் ஈடுசெய்வது என்னும் கேள்வி உடன்பிறப்பாயிற்று.

மோட்டார் உலகில் இவ்விரு கண்டுபிடிப்புகளும் தனித்தனியே வளர்ந்தன. அமெரிக்காவில் 1939இல் திரவ இணைப்புடன் கூடிய ஹைட்ரா-மேட்டிக் என்னும் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி விற்பனைக்கு வந்தது. 1962இல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவ்ரோலே கோர்வேர் மான்ஸா என்னும் இரு கார்கள் டர்போவுடன் வெளிவந்தன. ஜெட்ஃபயர் எஞ்சினைக் காக்க, நீரும் ஆல்கஹாலும் கலந்த திரவம் ஒன்றைத் தனிக்கலத்தில் ஓயாது நிரப்பி வரவேண்டும். அதனை நிரப்ப மறந்தவர் பலர். இரண்டாம் ஆண்டோடு அவ்வண்டி மறைந்தது. 1978இல் சுவீடன் நாட்டு சாப் நிறுவனம் இரண்டு லிட்டர் எஞ்சினில் டர்போவின் அழுத்தத்தைத் தானே மட்டுப்படுத்தும் அடைப்பிதழைப் பொருத்திய பிறகுதான் குடும்பக் காரில் டர்போ நிலைபெற்றது.

இவ்விரு கண்டுபிடிப்புகளும் ஓரிடத்தில் கூடுவதைத் தங்கவயல் மக்கள் தம் கையாலேயே செய்து பார்த்தனர். 1964 மே மாதம் பாரத் எர்த் மூவர்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் நிறுவப்பட்டது. இன்று அதனைப் பெமல் என்கிறோம். அதன் தங்கவயல் தொழிற்சாலையில், ஜப்பானின் கோமட்சு நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் புல்டோசர்கள் உருவாயின. அவற்றுள் பி.டி. 155 என்னும் பெரிய வகையில், ஏறத்தாழ 320 குதிரைத்திறன் கொண்ட டர்போ டீசல் எஞ்சினை முறுக்கு மாற்றியோடு இணைத்தார்கள்.

இந்த இணைப்பின் காரணத்தை அறிவது பயனுடையது. மண்ணைத் தள்ளும் தகட்டின் முன் பாறை ஒன்று தட்டுப்பட்டால் பாரம் ஒரு நொடியில் பன்மடங்காகும். கிளச் மட்டும் உள்ள வண்டியாயின் எஞ்சின் திணறி நின்றுவிடும். அல்லது ஓட்டுநர் பகல் முழுதும் கிளச்சை மிதித்து ஓய்வார். முறுக்கு மாற்றியில் திரவம் சற்றே வழுக்குகின்றது. வண்டி நின்றாலும் எஞ்சின் தன் வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், புகை குறையாது, டர்போ தூங்காது. மேலும் அந்நிலையில் எஞ்சினின் முறுக்கு விசை ஏறத்தாழ இருமடங்கு வரை பெருகிச் சக்கரத்தை அடையும். இதற்கு விலையும் உண்டு. வழுக்கும் திரவம் சூடாகின்றது; எரிபொருளில் ஒரு பகுதி அச்சூட்டில் கரைகின்றது.

இனி நம் சிறிய கார்களுக்கு வருவோம். 2006ஆம் ஆண்டு மைய அரசின் வரவு செலவுத் திட்டம், 4 மீட்டர் நீளத்திற்கும் 1,200 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கும் மேற்படாத கார்களுக்கு உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. அந்த எல்லைக்குள் நின்றுகொண்டே வலிமை கூட்ட விரும்பிய நிறுவனங்களுக்கு டர்போ ஏற்ற வழியாயிற்று.

2013ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. சென்னையை அடுத்த மறைமலைநகரில் உருவான ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் காரில் 999 கன சென்டிமீட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் வந்தது. அதற்குக் கைக் கியர் மட்டுமே தரப்பட்டது. ஆட்டோமேட்டிக் வேண்டியவர் டர்போ இல்லாத 1.5 லிட்டர் எஞ்சினையே ஏற்க நேர்ந்தது. அதே ஆண்டில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் போலோ ஜி.டி. காரில் 1.2 லிட்டர் டர்போ எஞ்சினை இரட்டைக் கிளச் கொண்ட ஏழு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியோடு மட்டுமே விற்றது. ஒரே காலம், ஒரே நாடு, ஒத்த எஞ்சின். இணைப்பிலோ இருவேறு துருவங்கள்.

2019இல் இருங்காட்டுக்கோட்டையில் உருவான ஹூண்டாய் வென்யூ ஒரு லிட்டர் டர்போவுக்குக் கைக் கியரையும் இரட்டைக் கிளச்சையும் சேர்த்தே அளித்தது. மறு ஆண்டில், கியரைக் கையால் மாற்றலாம், கிளச் மிதி மட்டும் இல்லை என்னும் இடைவழி ஒன்றும் அதில் வந்தது. 2020 டிசம்பரில் ஒரகடத்தில் உருவான நிசான் மேக்னைட் வெளிவந்தது. அதன் ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் கைக் கியரோடு இணையும்போது 160 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தந்தது. பட்டையால் இயங்கும் சி.வி.டி. பெட்டியோடு இணையும்போது 152 மட்டுமே. எஞ்சின் ஒன்றே, துணையின் தாங்கும் திறனுக்கேற்ப அது தன் விசையைத் தணித்துக் கொண்டது. இணைப்பே ஆற்றலை அளக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இவ்வரலாற்றை உரைகல்லாகக் கொண்டால் இன்றைய வகைகளை நாமே மதிப்பிடலாம். கிளச்சை மனிதக் காலுக்குப் பதில் மோட்டார் இயக்கும் எளிய ஏ.எம்.டி. வகை விலை குறைந்தது. ஆனால் கியர் மாறும் ஒவ்வொரு முறையும் இழுவை சிறிது அறுபடும். அவ்விடைவெளியில் டர்போவும் தளரும். இரட்டைக் கிளச்சில் அடுத்த கியர் ஆயத்தமாகவே நிற்பதால் டர்போ விழித்திருக்கும். ஆயினும் நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளச் உராய்ந்து சூடேறும். பட்டையால் இயங்குவது எஞ்சினை உகந்த வேகத்தில் நிறுத்தும். பட்டையின் வலிமையே அதன் எல்லை. முறுக்கு மாற்றியோ, சிறு டர்போ எங்கே மெலிந்திருக்கின்றதோ சரியாக அங்கே கைகொடுக்கின்றது. 2021இல் வந்த ஸ்கோடா குஷாக் காரின் ஒரு லிட்டர் எஞ்சினுக்கு இரட்டைக் கிளச்சைக் கொடாமல் முறுக்கு மாற்றி கொண்ட ஆறு கியர்ப் பெட்டி தரப்பட்டதை இங்கே நினைவுகூரலாம்.

கைக் கியரின் காலம் முடிந்ததென்று இதனால் கொள்ளவேண்டா. வெங்கடகிரிக்கோட்டை வழியே பேரணாம்பட்டுக்கு இறங்கும் மலைச்சாலையில் அடுத்த வளைவை முன்னரே காண்பவர் ஓட்டுநரே; கியர் பெட்டிக்குக் கண் இல்லை. ஏற்றத்திற்கு முன்பே கியரைக் குறைத்து டர்போவை விழிக்கச் செய்யவும், இறக்கத்தில் எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்கவும் கை பழகியவர்க்கு எளிதில் இயலும். விலையும் குறைவு, சிற்றூர் மெக்கானிக்கும் பழுது பார்ப்பார். நெடுஞ்சாலையிலும் மலையிலும் மிகுதியாகச் செல்வோர்க்கு அது இன்றும் நல்ல துணையே.

ஆனால், நகர நெரிசலே நாள்தோறும் வாழ்வாகிவிட்டவர் நிலை வேறு. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், தங்கவயலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அன்றாடம் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அத்தகைய பெருநகரங்களில் வாடகைக் கார் ஓட்டுவோர் பகற்பொழுதெல்லாம் இடக்காலால் கிளச்சை மிதித்த வண்ணம் இருக்கின்றனர். சிறு டர்போவின் மெலிவு வெளிப்படுவதும் அந்நெரிசலிலேதான். ஓட்டுநர் அரைக் கிளச்சில் ஈடுகட்டுவதும் அங்கேதான். இயந்திரத்தின் குறையை மனிதனின் முழங்கால் சுமக்கின்றது. ஆட்டோமேட்டிக் பெட்டிக்குக் கொடுக்கும் கூடுதல் தொகை சிலருக்கு ஆடம்பரமாகத் தோன்றலாம். அந்தக் காலுக்கு உரியவரைக் கேட்டால் கணக்கு வேறாக இருக்கும்.

ஆகையால் நேயர்களே, வண்டி வாங்கப் புகுவோர் குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன் தாம் செல்லும் சாலையைக் கேட்டுக்கொள்ளட்டும். மலையா, நெரிசலா, நெடுவழியா என்று தெரிந்தால் எஞ்சினுக்கு ஏற்ற துணை எது என்பதும் தெரியும். விற்பனையாளர் தனிச்சாலையில் ஓட்டிக் காட்டுவதோடு நில்லாமல், மாலை நெரிசலில் அரைமணி நேரம் தாமே ஓட்டிப் பார்ப்பது நலம். மனிதன் சுமக்கும் பாரத்தைக் குறைப்பதற்காகவே ஊரிகத்தின் ஆழத்தில் பொறிகள் இறங்கின. அந்த அளவுகோல் இன்றைய சிறு காருக்கும் பொருந்தும்.